கச்சானுக்கு முந்திய மூன்று மாதங்கள்: மட்டக்களப்பு, அம்பாறைக் காட்டோரத் தீயைக் கணிப்பதும் குறைப்பதும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் காட்டை ஒட்டியுள்ள ஒரு கிராமச் சங்கம் கேட்டிருப்பது இது: "ஒவ்வொரு வருசமும் கச்சான் காற்று வீசும் காலத்தில் ஊருக்கு மேற்கே காடு பற்றுகிறது. போன முறை இரண்டு வாடியும் வைக்கோல் போரும் போயின. எங்கள் ஊருக்கு எவ்வளவு ஆபத்து என்று எப்படிக் கணிப்பது? தீத்தடுப்புக் கோடு எவ்வளவு அகலம் வேண்டும்? பவுசர் ஒன்று கேட்டு வாங்கினால் பிரச்சினை தீருமா?"

பவுசரில், அதாவது தண்ணீர்த் தாங்கி வண்டியில் தொடங்குகிறேன், ஏனென்றால் பணம் பெரும்பாலும் அதற்குத்தான் போகிறது. தீராது. வீடுகளை நனைக்கவும், அடங்கிய தீயின் மிச்சத்தை அணைக்கவும் பவுசர் நல்ல உதவி. ஆனால் தீயின் முன்முனை பற்றைக்குள் 200 மீற்றர் தள்ளி ஓடும்போது 5,000 லீற்றர் தண்ணீர் கிரவல் வீதியில் நின்று என்ன பயன்? ஓகஸ்டில் வரும் தீ பெரிதா சிறிதா என்பது மாசி முடிந்து வைகாசிக்குள் தீர்மானமாகிவிடுகிறது. அந்த மூன்று மாதத்தில் காட்டோரப் புல்லை என்ன செய்தீர்கள் என்பதே கணக்கு.

முதலில் எரிவது எது என்று பார்க்க வேண்டும். "காடு எரிகிறது" என்கிறோம். பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று கிளை கோத்து நிற்கும் பழைய காடு இலகுவில் எரியாது. அடியில் நிழல் இருப்பதால் புல் முளைக்காது, காற்றும் உள்ளே புகாது, சருகும் மெல்லிய படையாகத்தான் கிடக்கும். அங்கே போகும் நெருப்பு முழங்காலளவுக்கு மேல் எழாமல் தவழ்ந்து, பல வேளை தானாகவே அடங்கிவிடும். உண்மையில் எரிவது அந்தக் காட்டை அழித்த இடத்தில் எழுந்த இலுக்குப்புல், மானாப்புல், கினியாப்புல், கைவிட்ட சேனையில் (காட்டை வெட்டி எரித்துப் பயிர்செய்த நிலத்தில்) வந்த பற்றை, தண்ணீர் வற்றிய குளத்தின் உள்வாய், வீதியோரம், தேக்கந்தோட்டம். தேக்கு கோடையில் கொட்டும் பெரிய இலைகள் இடையில் காற்று வைத்துக் குவிவதால் சட்டென்று பற்றும். கரையோரச் சவுக்கின் ஊசிச் சருகு நெருங்கிப் படிவதால் மெதுவாகப் பற்றும், ஆனால் அடியில் நீண்ட நேரம் கனலும்.

இதில் ஒரு கெட்ட சுழற்சி இருக்கிறது. இலுக்கின் வேர்த்தண்டு மண்ணுக்குள் இருக்கிறது. மேலே தீ ஓடிய பிறகும் சில நாட்களில் பச்சைத் தளிர் தள்ளும். அதே தீ பக்கத்தில் நின்ற பாலைக் கன்றையும் வீரைக் கன்றையும் கொன்றுவிடும். அடுத்த ஆண்டு அந்த இடத்தில் நிழல் இன்னும் குறைவு, புல் இன்னும் கூட. ஒவ்வொரு தீயும் அடுத்த தீக்கு விறகு சேர்த்து வைத்துவிட்டுப் போகிறது. 1954 இல் அமைக்கப்பட்ட கல் ஓயா தேசிய பூங்காவில் மானாவும் இலுக்கும் மண்டிய வெளிகளுக்கு நடுவே கடுக்காய், தான்றி, நெல்லி நிற்பதைப் பார்த்தால் இது விளங்கும். முதிர்ந்த மரத்தைத் தடித்த பட்டை காக்கிறது. அடியில் முளைக்கும் கன்றுக்கு அந்தக் காப்பு இல்லை. ஆண்டுதோறும் எரிந்தால் அந்த மரங்களுக்கு வாரிசே இருக்காது.

நல்ல மாரி பெய்தால் அந்த ஆண்டு தீப் பயம் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். நேர் எதிர். ஐப்பசியிலிருந்து தை வரை பெய்யும் மழைதான் புல்லை வளர்க்கிறது. மழை கூடினால் ஆடியில் காய்ந்து நிற்கும் புல்லும் கூடும். பெரும்போகம் செழித்த ஆண்டில் காட்டோரத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது காற்று. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இறங்கும்போது சூடாகி, ஈரம் வற்றி நம் பக்கம் வருகிறது. அதுதான் கச்சான். வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாதி வரை அதன் காலம். மேற்கிலிருந்து வீசுவதால் தீயைக் காட்டிலிருந்து ஊரை நோக்கியே தள்ளும். வாகரை, கிரான், செங்கலடி, வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் மேற்கு எல்லைதான் தீயின் வாசல். ஆனால் பிற்பகலில் கடற்காற்று உள்ளே ஏறும் நாட்களும் உண்டு. அப்போது காற்று கிழக்கிலிருந்து திரும்பும். அதுவரை கிழக்கு நோக்கி ஓடிய ஒடுங்கிய தீயின் பின்பக்கமும் பக்கவாட்டும் திடீரென்று முன்முனையாகிவிடும். வடக்குப் பக்கமாகவோ தெற்குப் பக்கமாகவோ நின்று அடித்துக்கொண்டிருப்பவர்கள் இதில்தான் அகப்படுகிறார்கள். கச்சான் பலமான நாளில் கடற்காற்று பிந்தியே வரும், சில நாள் வரவே வராது. எனவே காலையில் பார்த்த காற்றை நம்பி மாலைக்குத் திட்டம் போடக்கூடாது.

கணிப்பது எப்படி

கிராம உத்தியோகத்தர் பிரிவின் வரைபடத்தைப் பெரிதாக்கி எடுத்து, ஊரின் காட்டோர எல்லையைக் கால்நடையாக நடந்து, 100 மீற்றருக்கு ஒரு புள்ளி வையுங்கள். பங்குனியில் ஒரு தடவை, யூன் தொடக்கத்தில் ஒரு தடவை. ஒவ்வொரு புள்ளியிலும் புல்லின் எடை, அது காய்ந்த அளவு, மேற்குப் பக்கம் என்ன இருக்கிறது, கிழக்குப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான்கு விடயங்களைக் குறியுங்கள்.

எடையை ஊகிக்காமல் அளக்க வேண்டும். ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் கம்புச் சட்டம் ஒன்றை எறிந்து, விழுந்த இடத்துப் புல்லை அடியோடு அரிந்து, மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிட்டு நிறுங்கள். ஒரு வகைப் புல்நிலத்துக்கு ஐந்து இடமாவது எடுத்துச் சராசரி பாருங்கள். சதுர மீற்றருக்கு அரைக் கிலோ என்றால் ஹெக்டயருக்கு 5 தொன்.

இந்த எண்ணை வைத்து என்ன செய்வது? தீயின் வீரியத்தை, அதாவது முன்முனையின் ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் வெளிப்படும் சக்தியை, மூன்று எண்களைப் பெருக்கிப் பெறலாம்: காய்ந்த புல் கிலோவுக்குத் தரும் வெப்பம் ஏறத்தாழ 18,000 கிலோஜூல், சதுர மீற்றரில் எரியும் எடை, முன்முனை செக்கனுக்கு நகரும் தூரம். மெல்லிய காற்றில் செக்கனுக்கு 0.1 மீற்றர் என்று வைத்தால், அரைக் கிலோப் புல்லில் 900 கிலோவாற்று. ஆட்கள் கைக்கருவியோடு முன்முனையை எதிர்கொள்ளக்கூடிய எல்லை 350 கிலோவாற்று அளவு. அந்த எல்லையில் சுவாலை ஒருவருடைய நெஞ்சளவு இருக்கும். அதே புல் மாடு மேய்ந்து 0.2 கிலோவாகக் குறைந்திருந்தால் கணக்கு 360 ஆகிவிடும், ஊர் இளைஞர்கள் அடித்து அணைக்கக்கூடிய எல்லைக்கு வந்துவிடும். மேயாத அரைக் கிலோவில் கச்சான் ஏறி வேகம் செக்கனுக்கு 0.5 மீற்றர் ஆனால் 4,500. பவுசரும் இயந்திரங்களும் முன்னால் நின்று மறிக்கக்கூடிய எல்லை 1,700 அளவில் முடிந்துவிடுகிறது. காற்றும் வெயிலும் நம் கையில் இல்லை. பெருக்கப்படும் மூன்று எண்களில் நாம் குறைக்கக்கூடியது புல்லின் எடை ஒன்றுதான். அதனால்தான் பவுசருக்கு முன் புல்லைப் பேசுகிறேன்.

காய்ந்த அளவுக்குப் பத்துக் கைப்பிடி புல்லைப் பார்த்தால் போதும். பாதிக்கு மேல் பச்சை என்றால் தீ தயங்கித் தயங்கித்தான் போகும். பத்தில் எட்டு வைக்கோல் நிறமாகிவிட்டால் அந்த இடம் தயார். நிலச் சரிவையும் பாருங்கள். நம் பக்கம் பெரும்பாலும் சமதரை, ஆனால் குடும்பிமலைப் பக்கமும் மேற்கு எல்லைக் குன்றுகளிலும் சரிவு உண்டு. ஏற்றத்தில் ஓடும் தீயின் வேகம் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ இரட்டிக்கும்.

இதெல்லாம் எரிபொருள் பற்றியது. தீ எங்கே பிறக்கும் என்பது வேறு கணக்கு. இடி மின்னல் நம் பக்கம் மழையோடுதான் வரும். கோடைத் தீ ஏறத்தாழ எல்லாமே மனிதர் கையால் பிறந்தவை. எனவே வரைபடத்தில் நெருப்பைக் கொண்டு நடப்பவர்களையும் குறிக்க வேண்டும்: பட்டிக்காரர் மாட்டு ஈக்குப் புகை போடும் இடம், புதுத் தளிருக்காகப் புல்லைக் கொளுத்தும் இடம், தேன் எடுப்பவர் தீப்பந்தத்தோடு போகும் வழி, மானை இழுக்கப் புல்லெரிக்கும் வேட்டைக்காரர் தடம், சேனை, குப்பை மேடு, காற்றில் கம்பிகள் உரசும் மின்கம்ப வரிசை. இரண்டைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, இரவில் யானைக்கு எறியும் வெடி. காய்ந்த இலுக்குக்குள் விழுந்த வெடிக்கடதாசி விடியும்வரை கனன்று, காற்று எழும்பியதும் பற்றும். மற்றது கோடையில் செய்யும் சிறுபோக நெல்லின் வைக்கோல். வேளாண்மை வெட்டு முடிந்து வயலில் வைக்கோலைக் கொளுத்தும் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்கள் கச்சானின் கடைசிப் பகுதியோடு பொருந்துகின்றன. வயல்வெளி வேலைகளை மேற்பார்க்கும் வட்டைவிதானையைக் கூட்டத்துக்கு அழைக்காமல் தீத்திட்டம் போட்டால் பாதித் திட்டம்தான்.

செய்மதித் தரவும் உதவும். தீப்புள்ளிகளைக் காட்டும் நாசாவின் ஃபேர்ம்ஸ் இணையத்தளம் இலவசம். அதில் செய்மதிகளில் உள்ள வியர்ஸ் கருவியின் புள்ளி ஒன்று 375 மீற்றர் சதுரத்தைக் குறிக்கும். கடந்த ஆண்டுகளின் புள்ளிகளை மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஊரின் தீக்காலம் தெரியும். ஆனால் இரண்டு எச்சரிக்கை. அந்தச் செய்மதிகள் கடப்பது பகல் ஒன்றரை மணியளவிலும் இரவு ஒன்றரை மணியளவிலும்தான். மாலை நான்கு மணிக்குப் பற்றி ஏழு மணிக்கு அணைந்த புல்தீ பதியாமலே போகும். வயலில் கொளுத்திய வைக்கோலும் காட்டுத் தீயும் ஒரே சிவப்புப் புள்ளியாகத்தான் தெரியும். ஆகவே பட்டிக்காரரிடம் கேட்டுச் சரிபார்க்காத செய்மதிப் படத்தைத் திட்டத்துக்கு அடிப்படையாக்க வேண்டாம்.

கோடு வெட்டுவது

நடுவில் 2 மீற்றர் வெறும் மண் தெரியும்வரை செதுக்கி, இரு பக்கமும் நான்கு நான்கு மீற்றர் புல்லை அடியோடு அரிந்து அகற்றினால் மொத்தம் 10 மீற்றர். நம் பக்கப் புல்லுக்கு இது குறைந்த அளவு. இந்த அகலம் கச்சானில் ஓடிவரும் முன்முனையைத் தானாக நிறுத்தாது, பொறி பறந்து கடந்துவிடும். கோட்டின் வேலை வேறு. பக்கவாட்டுத் தீயையும் பின்தீயையும் அது நிறுத்தும், ஆட்கள் நின்று வேலை செய்ய இடம் தரும், தப்பி வரவும் வழியாகும். இதை அறியாமல் "கோடு இருக்கிறதே" என்று அதன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து.

புதிதாகக் காட்டை வெட்டிக் கோடு போடாதீர்கள். குளக்கட்டு, வாய்க்கால், கிரவல் வீதி, யானை மின்வேலி ஆகியவற்றைத் தொடுத்துக் கோடாக்குங்கள். மின்வேலி எனக்கு மிகவும் பிடித்த இடம். கம்பியில் புல் தொட்டால் மின்துடிப்பு மண்ணுக்குப் போய் வேலி வலுவிழக்கும், தீ வந்தால் மரக்கட்டைகள் எரிந்து வேலியே விழும். வேலிக்காக எப்படியும் துப்புரவாக்க வேண்டிய வரிசையை இரு பக்கமும் அகலப்படுத்தினால் ஒரே உழைப்பில் யானைக்கும் தீக்கும் காவல். புல் வெட்ட முன் மின்னை நிறுத்தி, மாலை திரும்பும்போது மீண்டும் போடும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். அரச காட்டு எல்லைக்குள் கத்தி வைக்க முன் வனத் திணைக்கள அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி எடுங்கள். சரணாலயம், தேசிய பூங்கா என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தில். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது 1907 ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். "நல்ல நோக்கத்துக்காகப் புல்லெரித்தோம்" என்பது அங்கே விடையாகாது. காலத்தோடு செய்யும் கட்டுப்பட்ட எரிப்பு உண்மையிலேயே பயனுள்ள முறை, ஆனால் அது திணைக்களம் ஆளும் தண்ணீரும் வைத்துச் செய்ய வேண்டிய வேலை.

அதிகம் நடக்கும் பிழை, யூனில் வெட்டிய புல்லை அதே இடத்தில் போட்டுவிட்டு வருவது. நின்ற புல்லைவிட விழுந்த புல் இன்னும் நன்றாகக் காய்ந்து கோடு முழுவதும் மெத்தையாகக் கிடக்கும். பங்குனியில், புல் பச்சையாக இருக்கும்போது வெட்டி மாட்டுக்குக் கொடுங்கள். மே கடைசியில் ஒருமுறை மறுபடி செதுக்குங்கள். இரண்டாவது செதுக்கல் இல்லாத கோடு ஓகஸ்டில் கோடாக இருக்காது. கோட்டிலிருந்து 20 மீற்றருக்குள் பட்டு நிற்கும் மரங்களையும் காவோலை தொங்கும் பனைகளையும் கவனியுங்கள். பனையின் காவோலை தீயை மர உச்சியின் வட்டுக்கு ஏற்றி, அங்கிருந்து பொறியைத் தூரத்துக்கு வீசும். காவோலையை வெட்டி, தரையிலும் கிடக்கவிடாமல் அகற்றுவது ஊரவர் தாங்களே செய்யக்கூடிய, மிகப் பயனுள்ள வேலைகளில் ஒன்று.

கோட்டுக்கு மேற்கே 200, 300 மீற்றர் வரை புல்லை மெலியவைக்க மாட்டைவிடச் சிறந்த கருவி இல்லை. மாசி முதல் வைகாசி வரை பட்டிகளை முதலில் காட்டோரத்தில் மேயவிட்டு, பிறகு உள்ளே கொண்டுபோகும் ஒழுங்கைப் பட்டிக்காரரோடு பேசி எடுக்கலாம். தீயை முதலில் காண்பவர்களும் அவர்கள்தான். அவர்களைக் குற்றவாளிகளாகப் பேசிவிட்டு அவர்களுடைய உதவியைக் கேட்க முடியாது. மயிலத்தமடு, மாதவணை போன்ற இடங்களில் மேய்ச்சல் உரிமையே இழுபறியில் கிடக்கும்போது, அடுத்த வருடம் இந்தப் புல் தனக்கு உண்டா என்று தெரியாத ஒருவர் அதைப் பொத்திப் பாதுகாப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மேய்ச்சற்தரைத் தீர்வு தீத்தடுப்பின் ஒரு பகுதி என்று நான் உறுதியாகச் சொல்வேன். புகை போடும் இடத்துக்கு மட்டும் ஒரு விதி கேளுங்கள்: ஒரு முழம் ஆழக் குழி, சுற்றி 3 மீற்றர் வெறும் தரை, போகும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டுப் போவது.

தண்ணீர் கிடைக்கும் இடத்தில் சிறுபோக வயல் தீக்கு மிகச் சிறந்த தடை. தண்ணீர் குறைந்த ஆண்டில் எந்தக் கண்டத்துக்கு, அதாவது எந்த வயற்பகுதிக்குப் பாய்ச்சுவது என்று முடிவெடுக்கும்போது, காட்டோரக் கண்டத்தைத் தரிசாக விட்டால் என்ன வரும் என்பதையும் பேசுங்கள்.

வீடும் வளவும்

வீடு பெரும்பாலும் சுவாலை தொட்டு எரிவதில்லை. முன்னால் பறந்து வரும் பொறியால் எரிகிறது. சுவரிலிருந்து ஒன்றரை மீற்றருக்கு எதுவுமே வேண்டாம்: சருகு, சாக்கு, விறகு, பிளாஸ்டிக் கான் ஒன்றும். பத்து மீற்றர் வரை புல் விரலளவுக்கு மேல் போகக்கூடாது. வைக்கோல் போரும் விறகடுக்கும் வீட்டிலிருந்து 10 மீற்றருக்கு அப்பால், கூடியவரை வீட்டுக்குக் கிழக்கே. மேற்கே வைத்தால் கச்சான் அதன் பொறியை நேராகக் கூரைக்குக் கொண்டுவரும். கிடுகு வேலியும் பனையோலை வேலியும் திரி போன்றவை. ஒரு முனையில் பற்றினால் வீடுவரை நடந்து வரும். வேலி வீட்டைத் தொடும் கடைசி 3 மீற்றரைத் தகரமாகவோ கல்லாகவோ மாற்றினால் திரி அறுந்துவிடும். ஓலைக் கூரையை ஒரே ஆண்டில் மாற்ற வசதியில்லாதவர், ஏணியையும் 200 லீற்றர் பீப்பாயையும் கூரைக்குப் பக்கத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் கிணற்று மோட்டர் நிற்கும் என்பதால் பீப்பாய் முக்கியம்.

முதியவர், நடமாட முடியாதவர், தனியாகக் குழந்தைகளோடு இருப்பவர் வாழும் வீடுகளை அதே வரைபடத்தில் குறித்து, யார் யாரை எந்த வாகனத்தில் கூட்டிப்போவது என்று பெயரோடு எழுதுங்கள். புகை சுவாசநோய் உள்ளவர்களை முதலில் தாக்கும்.

பற்றிவிட்டால்

முதல் அழைப்பு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, தீயணைப்புக்கு 110, ஆளுக்குக் காயம் என்றால் 1990. அதன் பிறகுதான் கம்பு.

சுவாலை நெஞ்சுக்கு மேல் எழுந்தால் முன்னால் போகவேண்டாம். எரிந்து முடிந்த கறுப்புத் தரையில் கால் வைத்து, பின்பக்கத்தில் தொடங்கி, பக்கவாட்டு வழியே முன்முனையை இரு புறமும் நெருக்கிக்கொண்டு போவதே முறை. பச்சைக் குழையாலும் ஈரச் சாக்காலும் ஓங்கி அடித்தால் பொறிதான் சிதறும். தீயின் அடியில் அழுத்தி, எரிந்த பக்கமாக இழுக்க வேண்டும். இரண்டு மீற்றர் கம்பின் நுனியில் பழைய லொறியின் மட்கார்ட் றப்பரை ஆணியடித்துப் பூட்டினால் நல்ல துடுப்பு கிடைக்கும். முதுகில் சுமக்கும் 16 லீற்றர் தெளிகருவி மிச்சத் தீக்கு மிக உதவும், ஆனால் களைநாசினி அடித்த தாங்கியை அதற்கு எடுக்காதீர்கள். தீக்கென்று புதிதாக இரண்டு வாங்கி வையுங்கள். பருத்தி உடுப்பு, சப்பாத்து. நைலோன் காற்சட்டை உருகித் தோலோடு ஒட்டும். காற்றையும் புகையையும் மட்டும் பார்க்க ஒருவர் தனியாக, உயரமான இடத்தில் நிற்க வேண்டும். அவர் அடிக்க வரக்கூடாது.

யுத்தம் நடந்த காடுகளில் மண்ணுக்குள் கிடக்கும் பழைய வெடிபொருள் சூட்டில் வெடிக்கலாம். பழக்கமில்லாத தடத்துக்குள் தீயைத் துரத்திப் போகவேண்டாம். தீக்கு ஒதுங்கும் யானைகளும் ஊர்ப் பக்கமே வரும். பொழுதுபட்டால் ஆட்களை வெளியே எடுங்கள்.

தீ மறுநாள் திரும்பப் பற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் மரக்குற்றி, பொந்துள்ள வீரை, காய்ந்த சாணம். மாட்டுச் சாணமும் யானை இலத்தியும் வெளியே சாம்பல் பூத்து உள்ளே நாட்கணக்கில் கனலும். பழைய பட்டி அடித்த இடமென்றால் சாணம் கனத்த படையாகவே இருக்கும். எரிந்த எல்லையிலிருந்து 20 மீற்றர் உள்ளே வரை புறங்கையை அருகே பிடித்துச் சூடு பார்த்து, கொத்திக் கிளறி, தண்ணீர் விட்டு, மறுபடி கிளற வேண்டும். அடுத்த மூன்று நாளும், காற்று பலமாக இருக்கும் பகல் நேரத்தில் ஒருவர் எல்லையைச் சுற்றி வர வேண்டும். காலைக் குளிரில் பார்த்துவிட்டு "அணைந்துவிட்டது" என்று எழுதுவது பிழை.

எரிந்த பிறகு

மாரி தொடங்கினால் வெறும் மண்ணும் சாம்பலும் ஓடையிறங்கிக் குளத்துக்குப் போகும். உன்னிச்சைக் குளத்து நீரைத்தான் மட்டக்களப்பில் பலர் குடிக்கிறார்கள். எனவே ஓடைக்கரைகளில் எரிந்த கிளைகளை நீரோட்டத்துக்குக் குறுக்கே படுக்கவைத்து மண்ணை மறியுங்கள். கரையில் நின்ற மருதும் நாவலும் கருகியிருந்தாலும் வெட்டவேண்டாம், பல மரங்கள் மழையோடு துளிர்க்கும்.

இலுக்கைத் தோற்கடிப்பது நிழல் மட்டுமே. புல்லுக்குள் தானாக முளைத்த மரக்கன்றுகளைத் தேடிக் கம்பு நட்டு அடையாளமிட்டு, சுற்றி அரை மீற்றர் களை பிடுங்குங்கள். மிச்ச இலுக்கை வெட்டாமல், அது ஒரு மீற்றர் உயரம் வந்ததும், இரு முனையிலும் கயிறு கட்டிய பலகையைக் காலால் மிதித்து மிதித்துச் சாயுங்கள். வெட்டினால் மறுபடி நிமிர்ந்து தளிர்க்கும். சாய்ந்து படுத்த புல் அடியிலேயே மக்கத் தொடங்கும், கன்றுக்கு வெளிச்சமும் விடும், பற்றினாலும் சுவாலை தாழ்வாகவே போகும்.

இதற்கெல்லாம் முன்னால், எரிந்த எல்லையைக் கைப்பேசியின் இடங்காட்டியோடு நடந்து பதிந்து, பற்றிய இடம், நேரம், காற்றின் திசை, தீ நின்ற இடம், நின்ற காரணம் ஆகியவற்றை அந்த வரைபடத்திலேயே எழுதுங்கள். புரட்டாதி முடிவதற்குள் செய்ய வேண்டும். ஐப்பசி மழை இரண்டு விழுந்தால் புதுப்புல் எல்லாத் தடயத்தையும் மூடிவிடும்.